ராட்சதனின் ரகசியம்

ரக்பி ஆட்டத்தைக் கோடிகள் புரளும் தொழிலாக மாற்றிய ஜோனா லோமுவைத் தடுத்து நிறுத்தத் திணறாத அணி அபூர்வம். அவரைக் கடைசியில் நிறுத்தியது எதிரணி அல்ல, அவருடைய சிறுநீரகம்.

1995 ஜூன் 18. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரின் நியூலண்ட்ஸ் மைதானம். உலகக் கோப்பை ரக்பி அரையிறுதி ஆரம்பித்துச் சில நிமிடங்களே ஆகியிருந்தன. நியூசிலாந்து வீரர் ஒருவர் இடது ஓரத்துக்கு எறிந்த பந்து, அங்கே காத்திருந்தவரின் கைக்கு எட்டாமல் பின்னால் விழுந்து துள்ளியது. அவர் திரும்பிப் போய்ப் பொறுக்கி எடுத்தார். எதிரே இங்கிலாந்தின் டோனி அண்டர்வுட். அவரை வெளிப்பக்கமாகச் சுற்றிக் கடந்தார். பின்னாலிருந்து பாய்ந்த இங்கிலாந்து கேப்டன் வில் கார்லிங், கபடியில் கணுக்காலைப் பிடிப்பது மாதிரி காலைத் தட்டிவிட்டார். தடுமாறினார், விழவில்லை. கடைசியாக மிச்சமிருந்தவர் மைக் கேட். பாவம், குனிந்து கைகளை விரித்துத் தயாராகத்தான் நின்றார். வந்தவர் விலகிப் போகவில்லை. நேராக அவர் மேலேயே ஏறி, மிதித்து, கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தார். உலகம் முழுக்க டிவி முன் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்படியும் விளையாட முடியுமா?

அன்று அவர் இப்படி நான்கு முறை கோட்டைக் கடந்தார். நியூசிலாந்து 45-29 என்று ஜெயித்தது. தோற்ற கேப்டன் கார்லிங் சொன்னது பிரசித்தம்: அந்த ஆள் ஓர் அபூர்வப் பிறவி, எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேருகிறாரோ அவ்வளவு நல்லது. போய்ச் சேருவது என்று அவர் சொன்னது மைதானத்தை விட்டு. ஆனால் 20 வயது ஜோனா லோமுவின் உடலுக்குள் அப்போதே வேறொரு கணக்கு தொடங்கியிருக்க வேண்டும் என்பது பின்னால்தான் புரிந்தது.

ரக்பி தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. அணிக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் எறிவதானால் பக்கவாட்டிலோ பின்பக்கமோதான் எறிய வேண்டும். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', அதற்கு ஐந்து புள்ளி. முன்வரிசையில் எருமை மாதிரி முட்டித் தள்ளும் கனத்த ஆட்கள். ஓரங்களில் 'விங்' எனப்படும் இடத்தில் மான் மாதிரி ஓடும் ஒல்லி ஆட்கள். நூறு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். லோமுவின் உயரம் 6 அடி 5 அங்குலம். எடை கிட்டத்தட்ட 120 கிலோ. முன்வரிசை ஆட்களையே மிஞ்சும் உடம்பு. நூறு மீட்டரை 11 விநாடிக்குள் ஓடுவார் என்று பேச்சு. எருமையின் எடையும் மானின் வேகமும் ஒரே ஆளிடம் இருந்தால் அவரை எங்கே நிறுத்துவது, எதிரணி எப்படிச் சமாளிப்பது என்று யாரும் பாடப் புத்தகத்தில் எழுதி வைக்கவில்லை.

தீவிலிருந்து ஆக்லாந்துக்கு

லோமு பிறந்தது 1975 மே 12-ல், ஆக்லாந்தில். பெற்றோர் டோங்காவிலிருந்து வந்தவர்கள். பசிபிக் கடலில் சுமார் ஒரு லட்சம் ஜனங்களைக் கொண்ட தீவுக் கூட்டம் அது. பிழைப்புக்காக நியூசிலாந்து போனவர்கள் குழந்தைகளை ஊரிலுள்ள சொந்தக்காரர்களிடம் விட்டு வளர்ப்பது அங்கே சகஜம். வளைகுடாவுக்குப் போன நம் ஊர்க் குடும்பங்களுக்கு இது புதிய விஷயமில்லை. லோமுவும் சிறு வயதில் டோங்காவில் சித்தி வீட்டில் வளர்ந்தார். அவர்களைத்தான் அம்மா, அப்பா என்று நினைத்திருந்தார். பள்ளி வயதில் ஆக்லாந்துக்குத் திரும்ப அழைத்து வந்தபோது, பெற்றவர்களே அந்நியர்களாகத் தெரிந்தார்கள்.

தெற்கு ஆக்லாந்தின் மாங்கரே பகுதி தீவுகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள் நிறைந்த இடம். தெருவில் கும்பல்கள், வீட்டில் குடித்துவிட்டுக் கை நீட்டும் தகப்பனார். அடி வாங்கி வளர்ந்ததைப் பற்றி லோமுவே பின்னாளில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வெளியே சண்டை, போலீஸ் என்று பையன் போகிற போக்கைப் பார்த்துப் பயந்த அம்மா, நகருக்குத் தெற்கே மெதடிஸ்ட் சபை நடத்தும் வெஸ்லி கல்லூரி என்ற உறைவிடப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கேதான் அந்தக் கோபத்துக்கு ஒரு வடிகால் கிடைத்தது. யாரையாவது இடித்துத் தள்ள வேண்டும் போல இருக்கிறதா? அதையே செய். ஆனால் விசில் ஊதிய பிறகு செய்.

பள்ளியில் அவர் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் முரட்டு ஆட்டக்காரர்தான். 'ஆல் பிளாக்ஸ்' என்று கறுப்புச் சட்டையால் பெயர் பெற்ற நியூசிலாந்து தேசிய அணியின் தேர்வாளர்கள்தான் அவரை 11-ம் எண் சட்டை போட்டு இடது ஓரத்தில் நிறுத்தினார்கள். 1994 ஜூன் 26-ல் பிரான்சுக்கு எதிராக முதல் டெஸ்ட். அப்போது வயது 19 வருடம், 45 நாள். அந்நாட்டின் டெஸ்ட் ஆட்டக்காரர்களில் அதுவரை அவ்வளவு இளையவர் யாருமில்லை.

கதைகளில் வருவது மாதிரி முதல் நாளே வெற்றி முழங்கவில்லை. பிரான்ஸ்காரர்கள் கெட்டிக்காரர்கள். பையனுக்கு இடம் புதிது என்று தெரிந்துகொண்டு பந்தை அவர் முதுகுக்குப் பின்னால் உதைத்து உதைத்து அலைய வைத்தார்கள். இரண்டு டெஸ்டிலும் நியூசிலாந்து தோற்றது. லோமு அணியிலிருந்து நீக்கப்பட்டார். உலகக் கோப்பைக்கு முந்தைய பயிற்சி முகாம்களில் ஓட்டப் பயிற்சியில் பின்தங்கி மூச்சு வாங்கினார். சோம்பேறி, சாப்பாட்டு ராமன் என்ற பேச்சும் எழாமலில்லை. தென்னாப்பிரிக்காவுக்குப் போகும் அணியில் கடைசி நேரத்தில்தான் இடம் உறுதியானது. அந்த இளம் வயதில், அந்த உடம்பில், ஏன் அப்படி மூச்சு வாங்கியது என்று அப்போது யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

காசு வாங்காத ஆட்டம்

ரக்பிக்கும் நமக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வருஷா வருஷம் மோதிக்கொள்ளும் கோப்பையின் பெயர் 'கல்கத்தா கோப்பை'. கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் நடத்திய கிளப் ஒன்று ஆள் குறைந்து கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி 1878-ல் செய்து கொடுத்தது அது. பிடிகளாக நாகப்பாம்புகள், மூடி மேலே யானை.

காசை உருக்கிக் கோப்பையாக்கிய இந்த ஆட்டம், காசை ஆட்டக்காரர் கையில் கொடுக்க மட்டும் மறுத்துவிட்டது. வேலைக்குப் போகாமல் ஆட வந்தால் கூலி போகிறதே, அதையாவது ஈடு கட்டுங்கள் என்று கேட்ட வட இங்கிலாந்துத் தொழிலாளர் கிளப்கள் 1895-ல் பிரிந்து போய் 'ரக்பி லீக்' என்று தனிக்கடை போட்டன. மீதியிருந்த 'ரக்பி யூனியன்' அடுத்த நூறு வருஷம் கௌரவம் பேசியது. மைதானத்தில் டிக்கெட் காசு குவியும், டிவி காசு குவியும். ஆடுகிறவர் திங்கட்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். திரைமறைவில் கவர் கைமாறியது வேறு கதை.

1995 உலகக் கோப்பை, அந்தக் காலத்தின் கடைசி விருந்து. கேப் டவுனில் லோமு ஓடியதைப் பார்த்துவிட்டு, பத்திரிகை, டிவி அதிபர் ரூபர்ட் முர்டாக் 'அந்தப் பையன் நமக்கு வேண்டும்' என்று உடனே போன் போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பேரம் அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1993-ல் ஸ்டார் டிவியின் பெரும்பங்கை வாங்கி நம் வீட்டுக்குள்ளும் நுழைந்த அதே முர்டாக்கின் நிறுவனம், இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாட்டு ரக்பி சங்கங்களோடு பத்து வருஷ ஒப்பந்தத்தை அறிவித்தது. தொகை 55 கோடி டாலர். போட்டிக்கு இன்னொரு பக்கம் கெர்ரி பாக்கரின் பணபலத்தோடு ஒரு கோஷ்டி, ஆட்டக்காரர்களையே மொத்தமாக அள்ளிக்கொண்டு போய்த் தனி உலகத் தொடர் நடத்தத் திட்டம் போட்டது. 1977-ல் கிரிக்கெட்டில் செய்த அதே வித்தை. அது பலிக்கவில்லை. ஆனால் இத்தனை பணம் வாசலில் வந்து நிற்கும்போது அமெச்சூர் கௌரவம் எத்தனை நாள் தாங்கும்? ஆகஸ்ட் கடைசியில் பாரீஸில் கூடிய சர்வதேச ரக்பி வாரியம், இனி ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று அறிவித்துவிட்டது.

லோமு இல்லாவிட்டாலும் அந்தக் கதவு திறந்திருக்கும். ஆனால் விலை என்னவாக இருந்திருக்கும் என்பதுதான் கேள்வி. ரக்பி என்றால் என்னவென்றே தெரியாத நாடுகளில்கூட ஓர் ஆட்டக்காரரின் பெயர் தெரிந்தது அதுதான் முதல் முறை. நாலு வருஷத்துக்கு ஒரு முறை உலகக் கோப்பை நடத்தும் ஆட்டத்துக்கு, முகம் ஒன்று கிடைத்துவிட்டது.

அந்த இறுதி ஆட்டத்தில் அவர் ஒரு ட்ரைகூட எடுக்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூன் 24-ல், அதிபர் நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்க கேப்டனின் 6-ம் எண் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கைகுலுக்கிய ஆட்டம் அது. வெள்ளையரின் ஆட்டம் என்று கறுப்பர்கள் வெறுத்த ரக்பி ஒரு நாட்டையே சேர்த்து வைத்த கதை பின்னால் ஹாலிவுட் படமாகவும் வந்தது. தென்னாப்பிரிக்கர்கள் லோமுவை ஓட விடவில்லை. ஜேம்ஸ் ஸ்மாலும் ஜூஸ்ட் வான் டெர் வெஸ்ட்ஹெய்சனும் மற்றவர்களும் அவர் வேகம் பிடிக்கும் முன்பே காலைக் கட்டிக்கொண்டு விழுந்தார்கள். இரு தரப்பிலும் ட்ரை இல்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த டிராப் கோல் 15-12 என்று ஆட்டத்தை முடித்தது. தம் வாழ்நாளில் லோமு தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்களில் ஒரு ட்ரைகூட எடுத்ததில்லை. உலகக் கோப்பையைத் தூக்கியதும் இல்லை.

உள்ளே ஒரு எதிரி

சம்பளம் வந்தது. சுற்றிலும் விளம்பரதாரர்கள் வந்தார்கள். 1997-ல் அவர் பெயரிலேயே 'ஜோனா லோமு ரக்பி' என்ற வீடியோ கேம் வந்தது. பிளே ஸ்டேஷன் வைத்திருந்த பையன்கள் பொத்தானை அழுத்தி லோமுவை ஓட விட்டார்கள். நிஜ லோமு அந்த வருஷத்தின் பெரும்பகுதி ஓடவில்லை. ஆட்டத்திலிருந்து விலகி சிகிச்சையில் இருந்தார்.

நோயின் பெயர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம். சிறுநீரகத்தின் வேலை சல்லடை வேலை. கழிவை வெளியே விட்டு, உடம்புக்கு வேண்டியதை உள்ளே நிறுத்த வேண்டும். இந்த நோயில் சல்லடையின் ஓட்டை பெரிதாகிவிடுகிறது. ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரோடு போகிறது. புரதம் குறைந்தால் ரத்தத்திலுள்ள நீர் திசுக்களில் கசிந்து காலும் முகமும் வீங்கும். படி ஏறினாலே சோர்வு வரும். ஸ்டீராய்டு உள்ளிட்ட மாத்திரைகளால் சிலருக்குக் கட்டுப்படும், சிலருக்கு வருஷக்கணக்கில் நீடித்துச் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். நல்ல தசைக்குப் புரதம்தான் மூலதனம் என்று ஜிம்முக்குப் போகிற எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்வான். உலகத்திலேயே பலசாலியான விங் ஆட்டக்காரர், அந்த மூலதனத்தை அன்றாடம் கழிவறையில் இழந்துகொண்டிருந்தார். உலகக் கோப்பைக்கு முந்தைய முகாமில் மூச்சு வாங்கியதற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அவர் செய்ததுதான் பலருக்கும் தெரியாத சாதனை. 1998-ல் கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டில் ஏழு பேர் ரக்பியில் நியூசிலாந்துக்குத் தங்கம் வாங்கிக் கொடுத்த அணியில் இருந்தார். 1999 உலகக் கோப்பையில் எட்டு ட்ரை. முதல் உலகக் கோப்பையின் ஏழையும் சேர்த்தால் 15. இந்தச் சாதனையை 2015-ல் தென்னாப்பிரிக்காவின் பிரையன் ஹபானா வந்துதான் எட்டிப் பிடித்தார். அதிலும் பிரான்சுக்கு எதிரான அரையிறுதியில் லோமு இரண்டு முறை ஆட்களைச் சிதறடித்துக்கொண்டு போனார். ஆனாலும் நியூசிலாந்து 31-43 என்று தோற்றுப்போனது. தலைவிதி என்பது இதுதானோ.

2000 ஜூலை 15-ல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுடன் ஒரு டெஸ்ட். மைதானத்தில் 1,09,874 பேர். ஆரம்பச் சில நிமிடங்களிலேயே நியூசிலாந்து 24-0 என்று முந்தியது. இடைவேளைக்குள் 24-24 என்று சமமானது. முடியப் போகும் நேரத்தில் ஆஸ்திரேலியா ஒரு புள்ளி முன்னால். பந்து இடது ஓரத்தில் லோமு கைக்கு வந்தது. அங்கே மோதித் தள்ள இடமில்லை, கோட்டுக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு முழம்தான். 120 கிலோ ஆள், கோலக்கோட்டை மிதிக்காமல் நடக்கிற பெண்ணைப் போல, எல்லைக்கோட்டு ஓரமாகப் பாதம் வைத்துப் பாதம் வைத்துப் போய்ச் சேர்ந்தார். 39-35. இதுவரை நடந்த ரக்பி ஆட்டங்களில் இதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறவர்கள் உண்டு. மைக் கேட்டை மிதித்த ஓட்டத்தைத்தான் டிவியில் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அவரை வெறும் புல்டோசர் என்று நினைத்தவர்கள் இந்த ஓட்டத்தைப் பார்க்க வேண்டும்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொண்டே, மொத்தம் 63 டெஸ்ட், 37 ட்ரை. கடைசி டெஸ்ட் 2002 நவம்பரில் கார்டிஃப் நகரில், வேல்ஸ் அணிக்கு எதிராக. அப்போது வயது 27.

மூன்று நாளைக்கு ஒருதரம்கூட அல்ல

2003 மே மாதம் நியூசிலாந்து ரக்பி சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. லோமுவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். வீட்டில் யாருக்காவது டயாலிசிஸ் நடந்திருந்தால் இந்த ஐந்து சொல்லின் பாரம் தெரியும். ஒவ்வொரு முறையும் மணிக்கணக்கில் படுக்கை. கையிலோ கழுத்திலோ குழாய். மறுநாள் அசதி. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. லோமுவுக்கு அதோடு கால் நரம்புகளும் பாதிக்கப்பட்டன. மாற்றுச் சிறுநீரகம் கிடைக்காவிட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர்கள் எச்சரித்தார்கள். ஒரு குழந்தையைத் தாண்டிக்கூடத் தன்னால் ஓட முடியவில்லை என்று அவரே பின்னால் சொன்னார். மைக் கேட்டைத் தாண்டி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

கொடுக்க முன்வந்தவர் சொந்தக்காரர் அல்ல. வெலிங்டனில் வானொலி அறிவிப்பாளராக இருந்த நண்பர் கிராண்ட் கெரியாமா. நம் நாட்டில் 1994 சட்டப்படி நெருங்கிய ரத்த சம்பந்தமோ கணவன் மனைவி உறவோ இல்லாதவர் உறுப்பு கொடுப்பதானால், பணம் கைமாறவில்லை என்று அனுமதிக் குழு முன் நிரூபிக்க வேண்டும். 'ஏன் கொடுக்கிறாய்?' என்ற கேள்விக்கு நட்பு என்ற பதிலை அதிகாரிகள் லேசில் நம்புவதில்லை. இங்கே பதில் அதுதான். 2004 ஜூலை 28-ல் ஆக்லாந்தில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பின் லோமு செய்யக் கிளம்பியது டாக்டர்களுக்கே வியப்பு. மறுபடி ஆடப் போகிறேன் என்றார்.

வேறொருவர் கொடுத்த சிறுநீரகத்தோடு, நூறு கிலோ ஆட்கள் வந்து இடிக்கிற ஆட்டத்தில். இதை வீரம் என்பதா, விவேகக் குறைவு என்பதா என்று அப்போதே வாதம் நடந்தது. இரண்டும் கலந்திருந்தது என்றுதான் தோன்றுகிறது. சில மனிதர்களுக்கு ஆட்டம் என்பது செய்கிற வேலை. அடி வாங்கி வளர்ந்த மாங்கரே பையனுக்கு அது தான் யார் என்பதற்கான ஒரே சாட்சி. 2005-ல் லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்தில் ஒரு காட்சி ஆட்டத்தில் இறங்கி ட்ரையும் எடுத்தார், தோளையும் உடைத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் வேல்ஸின் கார்டிஃப் ப்ளூஸ் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்துக்குக் கூட்டம் வந்தது. பார்க்க வந்தவர்கள் பார்த்தது பழைய பெயரை, பழைய வேகத்தை அல்ல. அடுத்த ஏப்ரலில் கணுக்கால் முறிந்தது. ஊருக்குத் திரும்பி நார்த் ஹார்பர் மாகாண அணியில் ஆடிப் பார்த்தார். 2007 உலகக் கோப்பைக்கு எப்படியாவது தேசிய அணியில் இடம் பிடிக்க வேண்டும் என்று கனவு. அதற்குப் படிக்கட்டாக இருந்த பெரிய தொடரில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அந்த வருஷம் ஓய்வு அறிவித்தார். அப்போதும் முழுதாக விடவில்லை. 2009-ல் பிரான்சின் மார்செய் பக்கத்தில் ஒரு சிறிய டிவிஷன் கிளப்புக்கு ஆடப் போனார். கூட்டம் சில ஆயிரத்தைத் தாண்டாத மைதானங்கள் அவை.

2011-ல் உலகக் கோப்பை நியூசிலாந்துக்கே வந்தது. ஆக்லாந்து ஈடன் பார்க்கில் தொடக்க விழாவில் லோமு தோன்றியபோது கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. சில நாட்களிலேயே ஆஸ்பத்திரி. கெரியாமா கொடுத்த சிறுநீரகம் ஏழு வருஷம் உழைத்துவிட்டுக் கைவிட்டது. மறுபடி டயாலிசிஸ். இந்த முறை முடிவே இல்லாமல். அந்தக் கோப்பையை நியூசிலாந்து ஜெயித்தபோது அவர் நோயாளி.

கணக்கு முடிந்த பிறகு

2015 உலகக் கோப்பை இங்கிலாந்தில். விளம்பர நிகழ்ச்சிகளுக்காக மனைவி, இரண்டு பிள்ளைகளோடு லண்டன் போயிருந்தார். வெளியே சிரித்த முகம், ரசிகர்களோடு போட்டோ. நடுவில் டயாலிசிஸ். பிள்ளைகளுக்கு 21 வயது ஆகும்போது உயிரோடு இருக்க வேண்டும், அதுதான் என் லட்சியம் என்று அந்த வருஷம் ஒரு பேட்டியில் சொன்னார். தம் குடும்பத்தில் அப்படி இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பெரியவனுக்கு அப்போது ஆறு வயது, சின்னவனுக்கு ஐந்துகூட ஆகியிருக்கவில்லை அல்லது அப்போதுதான் ஆகியிருந்தது.

திரும்பும் வழியில் துபாயில் குடும்பத்தோடு சில நாள் தங்கினார். ஆக்லாந்து வந்து சேர்ந்த மறுநாள், நவம்பர் 18 காலை, வீட்டில் இறந்துபோனார். வயது 40. அவருக்கு நண்பராகவும் இருந்த முன்னாள் அணி டாக்டர்தான் செய்தியை வெளியே சொன்னார். கேப் டவுனிலும் கார்டிஃபிலும் அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் நம்ப மறுத்தார்கள். 1995 இறுதி ஆட்டத்தில் அவரை மறித்து விழுத்திய இரண்டு பேரும் கூட நெடுநாள் இருக்கவில்லை. வான் டெர் வெஸ்ட்ஹெய்சன் நரம்புச் சிதைவு நோயால் 2017-ல் 45 வயதில் போனார். ஸ்மால் 2019-ல், 50 வயதில்.

நவம்பர் 30-ல் ஈடன் பார்க்கில் அஞ்சலிக் கூட்டம். பழைய ஆல் பிளாக்ஸ் ஆட்டக்காரர்கள் சவப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். வெஸ்லி கல்லூரி மாணவர்கள் 'ஹாகா' ஆடினார்கள். போர்க்களத்துக்குப் போகும் முன் மாவோரி வீரர்கள் மார்பில் அறைந்து, காலை உதைத்து ஆடும் ஆட்டம் அது. ஆல் பிளாக்ஸ் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் எதிரணியைப் பார்த்து ஆடுவது. அன்று எதிரில் இருந்தது ஒரு பெட்டி.

சில வாரங்களில் இன்னொரு செய்தி வந்தது. ரக்பிக்குக் கோடிகளைக் கொண்டு வந்தவர் தம் குடும்பத்துக்கென்று பெரிதாக எதையும் விட்டுப் போகவில்லை. நோய்க்கால வாழ்க்கையும் செலவும், கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்த கையும் காரணமாகச் சொல்லப்பட்டன. டோங்கா வழக்கப்படி சம்பாதிக்கிறவன் தலையில் ஒரு கூட்டமே உட்கார்ந்திருக்கும் என்பதும் உண்டு, அது நமக்கும் தெரிந்த வழக்கம்தான். நியூசிலாந்து ஆட்டக்காரர் சங்கம் முன்நின்று, அந்த இரண்டு சிறுவர்களின் படிப்புக்காகவும் வளர்ப்புக்காகவும் ஓர் அறக்கட்டளை தொடங்கி நன்கொடை கேட்டது. பெரியவன் 21 வயதைத் தொடுவது 2030-ல்.